ஊருக்கே நாளையைச் சொன்னவர், அன்று இரவு மேடைக்கு வரவில்லை! - மென்டலிஸ்ட் ஹனுசனின் கதை

கொஞ்ச நேரம் போனை சைலன்ட்ல போட்டுட்டு, 1930-களின் தொடக்கத்துல இருந்த பெர்லினுக்கு வாங்க. ஊரிலேயே பெரிய வெரைட்டி தியேட்டர் ஸ்காலா. சுமார் 3,000 பேர் உட்காரும் அரங்கம். டிக்கெட் எடுத்து நீங்களும் உள்ளே போய் உட்கார்ந்துட்டீங்க.

ஷோவுக்கு நடுவுல ஒருத்தர் வந்து சின்ன காகிதச் சீட்டு கொடுக்கிறார். உங்க வாழ்க்கையில மறக்கவே முடியாத ஒரு சம்பவம் நடந்த தேதி, நேரம், இடம், இந்த மூணை மட்டும் எழுதணும். என்ன நடந்ததுன்னு எழுதக் கூடாது. நீங்களும் எழுதி மடிச்சுக் கொடுத்துடுறீங்க.

லைட் அணையுது. கறுப்பு கோட் போட்ட ஒருத்தர் மேடைக்கு வர்றார். கூர்மையான கண்கள், படிய வாரிய தலைமுடி. உங்க தேதி அவர் காதுக்குப் போகுது. நெற்றியில் கையை வெச்சு, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடிச்சு நிற்கிறார். அப்புறம் மெதுவா ஆரம்பிக்கிறார். தண்ணீர் தெரியுது என்கிறார். ஒரு படகு தெரியுது என்கிறார். யாரோ ஒருத்தர் திரும்பி வரலை என்கிறார். உங்களுக்குத் தொண்டை அடைக்குது. ஏன்னா, அந்தத் தேதியில நீங்க இழந்தது உங்க அண்ணனை.

இந்தக் காட்சியில் வரும் படகும் அண்ணனும் நான் உங்களுக்காகக் கற்பனை செய்தது. ஆனால் அந்தச் சீட்டு, அந்த மேடை, அந்த மனிதர் மூணும் நிஜம். அவர் பெயர் எரிக் யான் ஹனுசன். டென்மார்க்கின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டவர். பணத்தில் புரண்டவர். ஹிட்லர் ஆட்சிக்கு வருவார் என்று முன்கூட்டியே அச்சடித்து விற்றவர். கடைசியில் அதே கூட்டத்தின் கையால் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி, தான் மட்டும் போய் கழுநீர்ப் பானையில் விழுமாம் என்று நம்ம வீட்டுப் பாட்டிகள் சொல்வாங்களே... அந்தப் பழமொழிக்கு ஒரு முகம் வேணும்னா, ஹனுசன் முகத்தை வரையலாம். ஆனா கதை அவ்வளவு சிம்பிள் இல்லை. அவர் பானையைப் பார்க்காம விழுந்தாரா, இல்லை பார்த்துக்கிட்டே விழுந்தாரா? அதுதான் மேட்டரே.

பிரபுவும் இல்லை, டென்மார்க்கும் இல்லை!

1889 ஜூன் 2-ம் தேதி வியன்னாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹெர்மன் ஸ்டைன்ஷ்னைடர். அப்பா ஊர் ஊராகப் போகும் நாடக நடிகர். ஆறு வாரங்களுக்கு முன்னால்தான், அதே ஆஸ்திரியாவின் இன்னொரு மூலையில் அடால்ஃப் ஹிட்லர் பிறந்திருந்தார். இந்த இரண்டு குழந்தைகளும் 44 வருஷம் கழித்து ஒரே ஊரில், ஒரே கதையில் இருப்பார்கள் என்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்க மாட்டார்.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனி, சர்க்கஸ் என்று சுற்ற ஆரம்பித்துவிட்டார். பாடினார், நடித்தார், கையில் கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். நடுவில் வியன்னாவில் கிசுகிசுப் பத்திரிகைப் பக்கமும் ஒதுங்கினார். அங்கே அவர் கற்ற பாடம் முக்கியமானது. எல்லோரிடமும் ஒரு ரகசியம் இருக்கிறது, அந்த ரகசியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பின்னாளில் அவர் சம்பாதித்த காசு எல்லாமே இந்த ஒரே பாடத்திலிருந்து வந்ததுதான்.

முதல் உலகப்போர் வந்தது. ஆஸ்திரிய - ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டார். பல சிப்பாய்கள் துப்பாக்கியோடு போரைக் கடந்தார்கள், இவர் வித்தை காட்டியே கடந்தார். இந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ராணுவத் தபால் பிரிவில் இருந்த ஒருவரைக் கையில் போட்டுக்கொண்டாராம். சிப்பாய்களுக்கு வரும் கடிதங்களில் என்ன இருக்கிறது என்பது முதலில் இவருக்குத் தெரிந்துவிடும். கடிதம் இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேரும். அதற்குள் இவர் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு, உனக்கு வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இரண்டு நாள் கழித்து கடிதம் வரும். அப்புறம் என்ன, மொத்த முகாமும் அவர் காலடியில்!

சிரிப்பு வருதா? இந்த டெக்னிக்கை மனசுல ஓரமா வெச்சுக்கோங்க. முன்கூட்டியே தகவலை எடு, தாமதமாக வெளியே விடு, நடுவில் நீ தீர்க்கதரிசி. இதே ஃபார்முலா இந்தக் கதையில் திரும்பவும் வரும். அப்போது சிரிப்பு வராது.

தன் குட்டை தானே உடைத்தவர்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மனதைப் படிக்கும் ஷோக்களில் என்னென்ன தந்திரம் இருக்கிறது என்று விளக்கி அவரே புத்தகம் எழுதினார். முதல் புத்தகம் 1917-ல் போருக்கு நடுவிலேயே வந்தது. 1920-ல் வியன்னாவில் இன்னொன்று. இதெல்லாம் பயிற்சியால் வருவது, அமானுஷ்யம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவற்றின் சாரம். அப்போது அவருக்கு 31 வயசு.

அந்தப் புத்தகங்களின் ஆசிரியர் அப்படியே நின்றிருந்தால், இன்று அவரை ஒரு நல்ல மேடைக் கலைஞராக மட்டும் நினைவில் வைத்திருப்போம். அவர் நிற்கவில்லை. தந்திரம் என்று சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். சக்தி என்று சொன்னால் கைத்தட்டலோடு காலில் விழவும் ஆள் கிடைக்கும். கொஞ்ச வருஷத்திலேயே அவர் இரண்டாவது பாதைக்கு மாறிவிட்டார்.

சரி, அந்தத் தந்திரம்தான் என்ன? அவர் மேடையில் செய்ததில் பாதியை நீங்களே வீட்டில் ட்ரை பண்ணலாம்.

இன்னைக்கு நைட்டே செஞ்சு பாருங்க!

பார்வையாளர்களில் ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். மென்டலிஸ்ட் அரங்கத்தை விட்டு வெளியே போய்விடுவார். அந்த நபர் ஒரு சின்ன ஊசியையோ சாவியையோ அரங்கத்தில் எங்கேயாவது ஒளித்து வைப்பார். மென்டலிஸ்ட் திரும்பி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஒளித்த இடத்தையே தீவிரமாக நினைக்கச் சொல்வார். பிறகு அவரை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்து, நேராகப் போய் ஊசியை எடுத்துவிடுவார்.

இதற்கு தசை வாசிப்பு என்று பெயர். ஒரு விஷயத்தைத் தீவிரமாக நினைக்கும்போது, நமக்கே தெரியாமல் நம் தசைகள் அந்தத் திசையில் மிக லேசாக அசைகின்றன. வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-லேயே இதை விளக்கிவிட்டார். 1870-களில் அமெரிக்க வித்தைக்காரர்கள் இதை மேடை ஷோவாகவே மாற்றிவிட்டார்கள். ஹனுசன் அதில் கைதேர்ந்தவர்.

செய்யும் முறை இதுதான். உங்க ஃப்ரெண்டை இயர்பட்ஸ் கேஸை ஹாலில் ஒளிச்சு வைக்கச் சொல்லுங்க. அவர் மணிக்கட்டை லேசா பிடிச்சுக்கோங்க. இடது, வலதுன்னு மனசுக்குள்ளேயே எனக்கு வழி சொல்லுன்னு கேட்டுக்கோங்க. அப்புறம் சும்மா ஒரு பக்கம் நடக்க ஆரம்பிங்க. தப்பான பக்கம் போனா அவர் கை கொஞ்சம் கனமாகும், பின்னாடி இழுக்கும். சரியான பக்கம் திரும்பினா கை லேசாகி உங்க கூடவே வரும். இடத்தை நெருங்கினா அவர் மூச்சும் நடையும் மாறும். முதல் தடவை சொதப்பும். நாலாவது, அஞ்சாவது தடவை நீங்களே அசந்து போவீங்க.

கவனிச்சீங்களா? இதில் வழி காட்டுவது மேடைக்கு வந்த அந்த அப்பாவிதான். நான் எதுவுமே சொல்லலையே என்று அவர் சத்தியம் செய்வார். அது பொய்யும் இல்லை. அவருக்குத் தெரியாமலே அவர் உடம்பு சொல்லிவிட்டது.

அந்தத் தேதிச் சீட்டு விஷயம் வேறு ரகம். அதற்கு ஆட்கள் வேண்டும். சீட்டு வாங்கும் ஆள் உங்களிடம் நாலு வார்த்தை பேசுவார். இடைவேளையில் நீங்களும் உங்க மனைவியும் பேசுவது யாரோ ஒருவர் காதில் விழும். மேடையில் உதவியாளர் உங்கள் தேதியை அறிவிக்கும்போது, அவர் பயன்படுத்தும் வார்த்தைகளிலேயே ஒரு குறிப்பு இருக்கும். ஒரு வார்த்தைக்கு மரணம் என்று அர்த்தம், இன்னொரு வார்த்தைக்குக் கல்யாணம் என்று அர்த்தம். இது அந்தக் காலத்து மென்டலிஸ்டுகள் பலரும் வைத்திருந்த சங்கேத மொழி. ஹனுசனோடு வேலை பார்த்துப் பிரிந்த ஆளே பின்னால் அவர் ரகசியங்களைப் போட்டுடைத்தார்.

தகவல் எதுவும் கிடைக்காத சீட்டு வந்தால்? அப்போதும் கவலை இல்லை. 1916 என்று எழுதியிருந்தால் போர். 1923 என்றால் ஜெர்மனியில் ரூபாய்... ஸாரி, மார்க் நோட்டு குப்பையாகிப் போன பணவீக்க வருஷம். மறக்க முடியாத சம்பவம் என்று கேட்டால் மனிதர்கள் எழுதுவது மரணம், விபத்து, கல்யாணம், குழந்தை, பிரிவு. அவ்வளவுதான் லிஸ்ட். மெதுவாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எதைத் தொடும்போது உங்க முகம் மாறுதோ, அங்கே நிற்க வேண்டும். மீதிக் கதையை உங்க முகமே சொல்லிவிடும். வீட்டுக்குப் போகும்போது அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் உங்களுக்கு மறந்திருக்கும். சரியாகச் சொன்ன ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கும்.

கோர்ட்டில் ஒரு ஷோ

1920-களில் அவர் மத்திய ஐரோப்பா முழுக்க சுற்றினார். இரும்புச் சங்கிலியைப் பல்லால் கடித்து அறுக்கும் பலசாலி ஸீக்முண்ட் பிரைட்பார்ட் என்பவர் வியன்னாவைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, அதே சாகசங்களை ஓர் இளம்பெண்ணை வைத்துச் செய்து காட்டி அவரை வம்புக்கு இழுத்தார். பப்ளிசிட்டி என்றால் என்ன என்று ஹனுசனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1928-ல் செக்கோஸ்லோவாகியாவில் மாட்டிக்கொண்டார். எதிர்காலம் சொல்வதாகப் பணம் வாங்கி ஏமாற்றுகிறார் என்று வழக்கு. லைட்மெரிட்ஸ் என்ற ஊரில் விசாரணை. ஐரோப்பியப் பத்திரிகைகள் எல்லாம் அங்கே குவிந்தன. யோசித்துப் பாருங்க, ஒரு நீதிமன்றம் எதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது? இவருக்கு நிஜமாகவே சக்தி இருக்கிறதா, இல்லையா! சாட்சிகள் வந்தார்கள், நிபுணர்கள் வந்தார்கள். அவரோ கோர்ட்டையே மேடையாக்கி வித்தை காட்டினார்.

1930-ல் விடுதலை. அவர் மோசடி செய்தார் என்று நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் விஷயம். ஆனால் வெளியே வந்ததும் அவர் அதை வேறு மாதிரி விற்றார். சக்தி இருப்பதாகக் கோர்ட்டே ஒப்புக்கொண்ட ஒரே மனிதர்! இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நேராக பெர்லினுக்கு வண்டி ஏறினார்.

பயந்த ஊரில் படுஜோரான வியாபாரம்

அந்த நேரத்து ஜெர்மனியைப் புரிந்துகொண்டால்தான் ஹனுசன் ஏன் ஜெயித்தார் என்று புரியும். 1923-ன் பணவீக்கம் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பை எல்லாம் துடைத்துவிட்டது. கொஞ்சம் தலைதூக்கும் நேரத்தில் 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து உலகத்தையே இழுத்துப் போட்டது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலை இல்லாதவர்கள் மட்டும் சுமார் 60 லட்சம் பேர். தெருவில் கட்சிக்காரர்களின் அடிதடி. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நாளை பற்றிய பயம் அதிகமாகும்போது, நாளையைப் பற்றிச் சொல்கிறவனுக்கு விலை கூடும். ஸ்காலா நிரம்பி வழிந்தது. பணக்காரர்கள், நடிகைகள், தொழிலதிபர்கள் தனியாக ஆலோசனை கேட்க வரிசையில் நின்றார்கள். கார், சொகுசுப் படகு, பார்ட்டி என்று ஹனுசன் வாழ்க்கை எங்கேயோ போனது. அந்தப் படகில் நடந்த கூத்துகளுக்கு பெர்லின் முழுக்கப் பேச்சு.

சொந்தமாகப் பத்திரிகையும் ஆரம்பித்தார். ராசிபலன், ஆரோக்கியக் குறிப்பு, பங்குச்சந்தை டிப்ஸ், அரசியல் கணிப்பு எல்லாம் ஒரே இடத்தில். இன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கு ஒரு சேனல் இருந்திருக்கும், பெல் பட்டனை அழுத்தச் சொல்லியிருப்பார்.

அந்த ஒரு கணிப்பு

1932 மார்ச் மாதம். ஜெர்மனியில் ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று முடிந்திருந்தது. ஹிட்லருக்குக் கிடைத்தது சுமார் 30 சதவிகிதம். முதியவர் ஹிண்டன்பர்குக்கு ஏறக்குறைய 50. ஹிட்லர் அவுட் என்றே பலரும் நினைத்தார்கள். அந்த நேரத்தில் ஹனுசனின் பத்திரிகை, ஒரு வருஷத்துக்குள் ஹிட்லர் பிரதமர் பதவியில் உட்காருவார் என்று அச்சடித்தது.

1933 ஜனவரி 30-ம் தேதி ஹிட்லர் பதவி ஏற்றார்.

புல்லரிக்குதா? ஒரு நிமிஷம். அந்தத் தபால் கதையையும் தேதிச் சீட்டையும் ஞாபகப்படுத்திக்கோங்க. ஹனுசன் வாராவாரம் ஏராளமாகக் கணித்துக்கொண்டிருந்தார். பலிக்காதவற்றை யாரும் வெட்டி எடுத்து வைக்கவில்லை. தவிர, இந்தக் கணிப்பு சும்மா வானத்திலிருந்து விழவில்லை. பெர்லின் நாஜி அடியாள் படையான எஸ்.ஏ-வின் தலைவர் வுல்ஃப் ஹைன்ரிஷ் ஃபான் ஹெல்டார்ஃப் அவருக்கு நெருக்கமான நண்பர். ஹெல்டார்ஃப் பிரபு குடும்பம், சூதாட்டப் பிரியர், எப்போதும் கடனாளி. ஹனுசன் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் பணம் கொடுத்தார், கார் கொடுத்தார், பார்ட்டி வைத்தார். வாங்கிய கடனுக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஆக, உள்ளே இருந்து தகவல் வருகிறது, அதை வெளியே தீர்க்கதரிசனமாக விற்கிறார். அதே சமயம், கேட்கிறவர் எதை விரும்புகிறாரோ அதையே சொல்கிறார். ஹிட்லர் வருவார் என்று லட்சக்கணக்கானவர்களிடம் ஒரு தீர்க்கதரிசி திரும்பத் திரும்பச் சொன்னால், அது வெறும் கணிப்பு அல்ல, பிரசாரம். தேர்தல் நேரத்தில் ஜெயிக்கப் போவது இவர்தான் என்ற பேச்சே ஓட்டாக மாறும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இந்த இடத்தில்தான் ஹனுசன் மேல் எனக்கு இருந்த ரசிப்பு போய்விடுகிறது. மேடையில் ஊசி கண்டுபிடிக்கும்போது யாருக்கும் நஷ்டம் இல்லை. இங்கே நஷ்டப்படப் போவது யார்? யூதர்களை வெளிப்படையாக வெறுத்த ஒரு கட்சிக்கு, யூதராகப் பிறந்த ஒருவர் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்.

முகமூடி கிழிந்தது

அவரை விடாமல் துரத்தியவர்களும் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆதரவுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் புரூனோ ஃப்ரை 1932-ல் தொடர்ந்து ஹனுசனைப் பற்றி எழுதினார். இவர் ஒரு மோசடிப் பேர்வழி, மக்களின் பயத்தை விற்றுக் காசு பார்க்கிறார், நாஜிகளோடு கூட்டு வைத்திருக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. ஹனுசன் கோர்ட்டுக்குப் போனார். ஆனால் நோண்ட நோண்ட அடுத்த விஷயமும் வெளியே வந்தது. டென்மார்க் பிரபு இல்லை, வியன்னா யூதர் ஹெர்மன் ஸ்டைன்ஷ்னைடர்!

யாராக இருந்தாலும் இந்த நிமிஷத்தில் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். 1933 தொடக்கத்தில் பல யூத எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் யாரும் எதிர்காலம் தெரிந்தவர்கள் இல்லை. தினமும் பேப்பர் படித்தவர்கள், அவ்வளவுதான். ஹனுசனிடம் பணம் இருந்தது, கார் இருந்தது, பிறந்த ஊரான வியன்னாவில் அப்போது நாஜி ஆட்சியும் இல்லை. ஆனால் அவர் கிளம்பவில்லை. பெர்லினில் ஒரு மாளிகையைத் திறந்தார்.

தீ

1933 பிப்ரவரி 26. லீட்சன்பர்கர் தெருவில் ஹனுசனின் மறைஞான அரண்மனை திறப்பு விழா. ராசிச் சின்னங்கள், ஒளிரும் மேஜை என்று பிரமாண்ட அலங்காரம். நடிகைகள், பத்திரிகையாளர்கள், எஸ்.ஏ அதிகாரிகள் என்று வி.ஐ.பி கூட்டம். நள்ளிரவு நெருங்கும்போது, தேர்ந்தெடுத்த சிலருக்காக மட்டும் ஓர் அமர்வு. மயக்க நிலையில் ஒரு காட்சி தெரிவதாகச் சொல்லப்பட்டது. ஒரு பெரிய கட்டடம் தீப்பற்றி எரிகிறது.

அடுத்த நாள், பிப்ரவரி 27 இரவு 9 மணிவாக்கில், ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக் எரிந்தது.

உள்ளே பிடிபட்டவர் மரினஸ் வான் டெர் லூபே என்ற 24 வயது நெதர்லாந்து இளைஞர். பழி கம்யூனிஸ்டுகள் மேல் விழுந்தது. மறுநாளே அவசரச் சட்டம். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, தனிமனித சுதந்திரம் எல்லாம் ஒரே கையெழுத்தில் ரத்து. ஆயிரக்கணக்கானவர்கள் கைது. ஜெர்மனியின் ஜனநாயகம் ஏறக்குறைய அந்தத் தீயோடு முடிந்தது.

ஹனுசனுக்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை சூடாக விவாதிக்கப்படும் கேள்வி இது. மென்டலிஸம் தெரிந்தவர்கள் இதற்கு மூன்று வழிதான் சொல்வார்கள். ஒன்று, எஸ்.ஏ நண்பர்களிடமிருந்து ஏதாவது காதில் விழுந்திருக்கலாம். இரண்டு, தீ என்பது பதற்றமான ஊரில் யாரும் சொல்லக்கூடிய பொதுவான காட்சி, மறுநாள் செய்தி வந்ததும் அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மூன்று, சொன்னது ஒன்று, பின்னால் ஞாபகத்தில் மெருகேறியது இன்னொன்று. அவர்தான் லூபேவை ஹிப்னாடிஸம் செய்து அனுப்பினார் என்று கிளம்பிய கதைக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

எது உண்மையாக இருந்தாலும், ஹனுசனுக்கு விளைவு ஒன்றுதான். அதுவரை அவருடைய தொழில், மற்றவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று எல்லோரையும் நம்ப வைப்பது. எல்லோரும் நம்பினார்கள். யார் நம்பக் கூடாதோ, அவர்களும் நம்பிவிட்டார்கள்.

காலியாக இருந்த மேடை

1933 மார்ச் 24. அன்று மாலை ஸ்காலாவில் ஷோ. ஹனுசன் வரவில்லை. எஸ்.ஏ ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அன்று இரவே சுட்டுக் கொன்றார்கள். பெர்லினுக்குத் தெற்கே பாருத் என்ற ஊருக்கு அருகில் காட்டில் அவர் உடல் ஏப்ரல் 7-ம் தேதி கண்டெடுக்கப்பட்டது. வயசு 43.

ஏன் கொன்றார்கள் என்பதற்குக் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கடன் சீட்டுகள். யூதர் என்று வெளியான பிறகு அவரோடு பழகியது அதிகாரிகளுக்கு வந்த அவமானம். ரைஷ்டாக் பற்றி ஏதோ தெரிந்தவர் என்ற சந்தேகம். இதில் எந்த ஒன்றும் போதுமானது. அவர் கொலைக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்க. அந்தக் கொலையில் பெயர் அடிபட்ட எஸ்.ஏ தலைவர் கார்ல் எர்ன்ஸ்ட், 1934 ஜூன் 30-ம் தேதி ஹிட்லர் தன் சொந்தப் படையையே களையெடுத்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கடனாளி நண்பர் ஹெல்டார்ஃப் போலீஸ் உயரதிகாரியாகி, பல வருஷம் அதிகாரத்தில் இருந்து, கடைசியில் 1944-ல் ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியில் சேர்ந்து பிடிபட்டுத் தூக்கில் தொங்கினார். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த யாருக்குமே தங்கள் நாளை தெரிந்திருக்கவில்லை.

சரி, நமக்கு இதில் என்ன?

ஹனுசனைப் பற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் படங்கள் இருக்கின்றன. இஸ்த்வான் ஸாபோ இயக்கிய 'ஹனுசன்' 1988-ல் வந்து, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2001-ல் வெர்னர் ஹெர்ஸாக் எடுத்த 'இன்வின்சிபிள்' படத்தில் டிம் ரோத் ஹனுசனாக மிரட்டியிருப்பார். இசையில் ஹான்ஸ் ஸிம்மரின் பங்கும் உண்டு. ஆனால் ஒன்று, அதில் ஹிட்லர் காலத்து பெர்லினில் காட்டப்படும் பலசாலி பிரைட்பார்ட் நிஜத்தில் 1925-லேயே இறந்துவிட்டார். படத்தைப் படமாகப் பாருங்க.

இந்தக் கதையை எழுதும்போது எனக்குத் திரும்பத் திரும்ப வந்து போனது அந்தச் சீட்டுதான். அதை எழுதிக் கொடுத்தது பார்வையாளர். பேசிக் கொடுத்தது பார்வையாளர். முகத்தால் காட்டிக் கொடுத்தது பார்வையாளர். கடைசியில் அதையே திரும்பக் கேட்டுக் கண்கலங்கி, அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னதும் அவர்தான்.

இன்றைக்கு நீங்க ஃப்ரெண்டுகிட்ட ஷூ பற்றி சாட் பண்ணிட்டு, நாலு கடையில தேடிட்டு, போனைத் திறந்ததும் ஷூ விளம்பரம் வந்தா, என் மனசையே படிச்சுட்டாங்கன்னு ஆச்சர்யப்படுறோம். மனசை யாரும் படிக்கலை. சீட்டை நாமதான் எழுதிக் கொடுத்தோம். உங்க பயம் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி நாளைக்கு இப்படித்தான் நடக்கும்னு அடிச்சுச் சொல்ற யாரையாவது பார்த்தா, ரெண்டே கேள்வி கேளுங்க. இவருக்கு இந்தத் தகவல் எங்கேயிருந்து வந்தது? இதை நான் நம்பினா யாருக்கு லாபம்?

பல்லியும் பானையும் என்று ஆரம்பித்தோம் இல்லையா? ஹனுசனுக்குப் பானை தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. முகம் பார்த்தே ஒருவரை எடைபோடத் தெரிந்தவருக்கு, எதிரே உட்கார்ந்திருந்த ஹெல்டார்ஃபின் முகம் மட்டும் புரியாமல் போயிருக்குமா? புரிந்திருக்கும். ஆனால் கடன் சீட்டு கையில் இருக்கும்வரை தன்னை யாரும் தொட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். ரகசியத்துக்கு விலை உண்டு என்று சின்ன வயசில் படித்த பாடத்தைக் கடைசி வரை நம்பினார். சட்டம் இருக்கும் ஊரில்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு. சட்டத்தையே எரிக்கப் போகிறவர்களுக்கு மேளம் அடித்தவர், அந்தச் சீட்டும் சேர்ந்து எரியும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெர்லினுக்குப் பக்கத்தில் ஸ்டான்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்டார். அடுத்த முறை ஒரு மென்டலிஸ்ட் ஷோவுக்குப் போனா நல்லா ரசிங்க, தாராளமா கைத்தட்டுங்க. சீட்டு எழுதும்போது மட்டும், பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கோங்க!